லி நதியில் கப்பல் என்று 3,200 யுவான் வாங்கிக்கொண்டு தெப்பத்தில் ஏற்றினார்கள்: குய்லின் போகிறவர்கள் கவனத்துக்கு

3,200 யுவான். நம் பணத்தில் 38,000 ரூபாய்க்கு மேல். நான்கு பேருக்குக் கப்பல் பயணம் என்று வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய மோட்டார் தெப்பத்தில் அரை மணி நேரம் சுற்றிக் காட்டி இறக்கிவிட்டார்கள். குவாங்சோ திரும்பிய கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்தில் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குவாங்சோவில் நடக்கிற கான்டன் வணிகக் கண்காட்சிக்கு வருகிற நம் ஆட்கள் நிறையப் பேர், வந்த வேலை முடிந்ததும் லி நதி ஓடுகிற குய்லின் பக்கம் ஒரு எட்டுப் போய்வரலாம் என்று கிளம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எங்களுக்கு பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் வியாபாரம். கண்காட்சியின் இரண்டாம் கட்டத்துக்கு அவர் வழக்கமாக வருவார். பையனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதால் இந்தத் தடவை அவனும் நானும் அத்தையும் கூடவே வந்தோம். 27ஆம் தேதியோடு அவர் வேலை முடிந்தது. மே 1 விடுமுறை வந்தால் சீனாவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும், கால் வைக்க இடம் இருக்காது. அதற்குள் லி நதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். குவாங்சோ தெற்கு ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் குய்லின், அதில் ஒரு சிக்கலும் இல்லை.

லி நதியை மூன்று விதமாகப் பார்க்கலாம். பெரிய கப்பல் ஒன்று. அது குய்லின் ஊருக்குள்ளிருந்து கிளம்பாது. ஊருக்கு வெளியே மோபன்ஷான், ஜூஜியாங் என்று இரண்டு துறைகள் இருக்கின்றன, அங்கே பஸ்ஸில் போய் ஏற வேண்டும். நாலு மணி நேரம் போல ஆற்றோடு இறங்கி யாங்ஷுவோ என்ற ஊரில் கொண்டுபோய் விடும். இரண்டாவது, யாங்டி என்ற இடத்தில் ஏறும் மோட்டார் தெப்பம். மூங்கில் தெப்பம் என்றுதான் விற்பார்கள், ஆனால் அடியில் இருப்பது பிளாஸ்டிக் குழாய். மூன்றாவது, லி நதியே கிடையாது. யூலொங் என்ற கிளை ஆறு. அங்கே நிஜ மூங்கில், இரண்டு பேர் உட்கார, பின்னால் ஒருவர் கழியால் தள்ளிக்கொண்டு வருவார். மூன்றுமே நல்லதுதான். ஆனால் அத்தைக்கு முழங்கால் தேய்மானம். கீழே குனிந்து ஏறி, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. அதனால் கப்பல் ஒன்றுதான் எங்களுக்குச் சரிப்படும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கென ஆங்கிலத்தில் நடக்கிற டூர் புக்கிங் ஆப் ஒன்றில் தேடினோம். பெயர் போடவில்லை, வங்கியில் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. “நான்கு நட்சத்திரக் கப்பல், ஹோட்டலிலிருந்து அழைத்துப் போதல், ஆங்கில கைடு, மதிய உணவு” என்று தலைக்கு 800 யுவான். கப்பல் டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் நான்கு நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 350, மூன்று நட்சத்திரத்துக்கு 200 சொச்சம்தான் ஆகும். அது தெரிந்தேதான் கொடுத்தோம். அத்தையை வைத்துக்கொண்டு பஸ் மாறி அலைய வேண்டாம், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று நினைத்தோம்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இப்படித்தான் பேசுவார்கள். பணம் கட்டிய பத்தாவது நிமிடம் அந்தச் சுற்றுலாக் கடையிலிருந்து ஒரு பெண் மெசேஜ் போட்டாள். அப்புறம் குரல் பதிவு. நல்ல தெளிவான ஆங்கிலம், அவசரமே இல்லாத பேச்சு. அத்தைக்கு முழங்கால் வலி என்று எழுதியதும், “ஆன்ட்டிக்குக் கீழ்த்தளத்தில் ஜன்னலோர மேஜை சொல்லிவைக்கிறேன், உள்ளே ஏசி இருக்கும், நீங்கள் மட்டும் மேலே போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம்” என்றாள். சைவம் என்றோம். முட்டை சேர்ப்பீர்களா, பூண்டு சேர்ப்பீர்களா என்று அவளாகவே கேட்டாள். முட்டையைப் பற்றிக் கேட்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? கடைசியாக, “கப்பல் டிக்கெட் பாஸ்போர்ட் பெயரில்தான் போடுவார்கள், நான்கு பேருடைய முதல் பக்கத்தையும் அனுப்புங்கள்” என்றாள். விதி உண்மையிலேயே அப்படித்தான். ஆள் பெயர் இல்லாமல் அங்கே டிக்கெட் கிடையாது. பாஸ்போர்ட் கேட்டதும் எங்களுக்கு இன்னும் நம்பிக்கை கூடிவிட்டது. முறைப்படி செய்கிறார்கள், டிக்கெட் போடப்போகிறார்கள் என்று தானே யாரும் நினைப்பார்கள்?

பயணத்துக்கு முந்தைய ராத்திரி, நாங்கள் படுக்கப்போகிற நேரத்துக்கு மெசேஜ். “ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பதால் நாளை பெரிய கப்பல் ஓடாது. அதைவிடச் சிறப்பான சிறிய கப்பல் ஏற்பாடு செய்துவிட்டோம். அதே காட்சி, கூட்டம் குறைவு. சரியா?” அவர், “அம்மாவுக்கு நல்ல நாற்காலி இருக்குமானால் சரி” என்று பதில் போட்டார். அந்த ஒரு ‘சரி’யை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பின்னால் சொல்கிறேன்.

காலையில் வேன் வந்தது. துறைக்குப் போகவில்லை. ஜேடு கல் நகைக் கடைக்குப் போனது. “கப்பல் வர நேரம் இருக்கிறது, இங்கே கழிவறை சுத்தமாக இருக்கும்” என்றாள் கைடு. உள்ளே போனால் டீ, ஒரு வகுப்பு, அப்புறம் வளையல்கள். ஒன்றே கால் மணி நேரம் வெளியே விடவில்லை. ஒன்றும் வாங்கவில்லை என்பதில் மட்டும் கொஞ்சம் திருப்தி. பையன் வேனில் ஏறியதும் மறுபடி அவனுடைய 20 யுவான் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டான். அந்த நோட்டின் பின்பக்கம் இருப்பது இதே லி நதி, ஷிங்பிங் ஊரருகே உள்ள வளைவு. அந்த இடம் வந்ததும் நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுக்க வேண்டும் என்றும், ஒன்பது குதிரை மலையின் பாறையில் எத்தனை குதிரை தெரிகிறது என்று எண்ண வேண்டும் என்றும் ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவன்.

வேன் நின்ற இடத்தில் துறையும் இல்லை, டிக்கெட் கவுன்ட்டரும் இல்லை. சேறான ஒரு கரை. சீனத்தில் எழுதிய ஒரு அட்டை. கீழே நாலைந்து தெப்பங்கள், ஒவ்வொன்றிலும் குழந்தைகள் உட்காருகிற உயரத்தில் நாற்காலி, மேலே கிழிந்த தார்ப்பாய்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்கண்ணு, இதுதான் கப்பலா?” என்றார்.

கைடு சிரித்துக்கொண்டே, “சின்னக் கப்பல், ஆன்ட்டி” என்றாள். படகுக்காரரும் கைடும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அத்தையைத் தூக்கி வைத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருந்தது, கயிற்றால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். குழாய்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி அத்தையின் புடவை முழங்கால் வரை நனைந்தது. மோட்டார் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஒரு வளைவு வரை போனார், திருப்பினார், முடிந்தது. மலைகள் அங்கேயும் அழகுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் இருக்கிற இடம் எங்கே என்று பையன் கேட்டதற்கு, கைடு எதிரே தெரிந்த ஏதோ ஒரு குன்றைக் காட்டி, “அதே மாதிரிதான், அதே மாதிரிதான்” என்றாள். அவன் நோட்டையும் குன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நோட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

நான் போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். நாங்கள் இருந்தது யாங்ஷுவோவைத் தாண்டி ஃபூலி என்ற ஊருக்குப் போகிற வழியில். லி நதியில் எல்லோரும் பார்க்க வருவது யாங்டிக்கும் ஷிங்பிங்குக்கும் நடுவே உள்ள பகுதியை. அது யாங்ஷுவோவுக்கு மேலே இருக்கிறது, இது கீழே. அதாவது காட்சி முடிந்துபோன பிறகு வருகிற இடத்தில் எங்களை மிதக்கவிட்டிருக்கிறார்கள்.

கப்பலில் சைவச் சாப்பாடு என்றது, ரோட்டோரக் கடையில் ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் ஆனது. மேலே கறித்துண்டு. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்றாள். முட்டை, பூண்டு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவள்தான்!

சாயங்காலம் யாங்ஷுவோ ஆற்றங்கரையில் நடந்தபோது பெரிய கப்பல்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஓடாத கப்பல் எப்படி வந்து சேர்ந்தது? விசாரித்தால் காலையிலிருந்து எல்லாம் வழக்கம்போல ஓடியிருக்கின்றன. யோசித்துப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் நிறுத்துவது தெப்பத்தைத்தான். தெப்பம் போகிற தண்ணீரில் கப்பல் போகாதா?

மறுநாள் இன்னொன்றும் தெரிந்தது. யாங்ஷுவோ ரயில்வே ஸ்டேஷன் என்பது யாங்ஷுவோவில் இல்லை, ஷிங்பிங் பக்கத்தில் இருக்கிறது. ரயிலுக்கு முன்னால் நேரம் இருந்ததால் ஷிங்பிங் துறைக்குப் போய் அங்கே கவுன்ட்டரில் இருந்த பையனிடம் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தோம். ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தான். நான்காவதையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். போனில் மொழிபெயர்ப்பு ஆப்பில் தட்டிக் காட்டினான்: இந்தப் பாஸ்போர்ட்டுகளில் டிக்கெட் எதுவும் வாங்கப்படவில்லை. வாங்கி ரத்து செய்ததாகக்கூட இல்லை. வெள்ளமும் இல்லை, விடுமுறைக் கூட்டமும் இல்லை. எங்கள் 3,200 யுவானில் ஒரு கப்பல் டிக்கெட்டுகூட அவர்கள் போடவே இல்லை. முதல் நாளிலிருந்தே போடுகிற எண்ணம் இல்லை.

இனி இழுத்தடிப்புக் கதை. சுற்றுலாக் கடையில் கேட்டால், “நீங்கள் சரி என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள்” என்று அந்த மெசேஜையே படம் எடுத்து அனுப்பினார்கள். ‘நல்ல நாற்காலி இருக்குமானால்’ என்ற பகுதியை வெட்டிவிட்டு! ஆப்பில் புகார் கொடுத்தால் முதலில் ரோபோ. அப்புறம் ஒரு ஆள். “நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, சேவை தருபவரைத் தொடர்புகொள்ளுங்கள்.” சேவை தருபவரோ, “பணம் ஆப்பிடம் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள்.” மறுபடி ஆப். வேறு ஒரு ஆள், முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். டிக்கெட் நம்பர் கேட்டேன், கொடுக்கவில்லை. நம்பர் இருந்தால்தானே கொடுப்பார்கள். கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ள 150 யுவான் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 3,200 எங்கே, 150 எங்கே? அதுவும் திரும்ப அவர்களிடமே வாங்கினால்தான். வேண்டாம் என்றேன். “உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது” என்று சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு உரையாடலை மூடிவிட்டார்கள். அந்தச் சிரிக்கிற முகம்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

எதைப் பார்க்க வேண்டும், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இதற்கே இவ்வளவு நீண்டுவிட்டது. அவசரமாகச் சில மட்டும்.

எந்தத் துறையில் ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ‘லி நதிக் கப்பல்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஆற்றில் மிதக்கிற எதையும் காட்டிக் கப்பல் என்று சொல்லலாம். பாஸ்போர்ட் அனுப்பினால், உங்கள் பெயரில் டிக்கெட் வந்ததா என்று முந்தைய நாளே கேளுங்கள். வரவில்லையா, அப்போதே ரத்து செய்துவிடுங்கள். காலையில் வேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியில் வருகிற ‘மாற்று ஏற்பாடு’ மெசேஜுக்கு சரி என்ற வார்த்தையே போடாதீர்கள், ஹோட்டல் ரிசப்ஷனில் சொல்லித் துறைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைக்குக் கூட்டிப்போனால் இன்னொன்று. 2013 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள சீனச் சுற்றுலாச் சட்டத்தில் 35ஆவது பிரிவு இருக்கிறது. மலிவு விலை காட்டி இழுத்து, குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போய் லாபம் பார்க்கக் கூடாது. அப்படி வாங்கவைத்திருந்தால், பயணம் முடிந்து 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிப் பணத்தைக் கேட்கலாம். வளையல் கிளையல் வாங்கி வந்தவர்கள் இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும்போதே 12345 என்ற அரசு எண்ணுக்குப் புகார் சொல்லலாம். சீனம் பேசுகிற யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் தெப்பம் வேண்டவே வேண்டாம், யார் என்ன சொன்னாலும்.

கார்டில் கட்டியதால் வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறோம். மேப் படம், சேற்றுக் கரைப் படம், கவுன்ட்டர் பையன் காட்டிய போன் திரை, எல்லாம் கொடுத்தாயிற்று. இன்று காலை அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே கடை, அதே நான்கு நட்சத்திரக் கப்பல் படம், தலைக்கு அதே 800 யுவான், மே 1 விடுமுறைக்குச் சில இடங்களே மீதி என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.