கறுப்புக் கண்ணாடி டார்ச்: மூன்று மாதம் கழித்து

கோத்தகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். புற ஊதா டார்ச் இது எனக்கு இரண்டாவது. முதலாவதில் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று ஒட்டியிருந்தது. அடித்தால் சுவரெல்லாம் ஊதா. கண்ணுக்கு ஊதாவாகத் தெரியும் 395 ஆகத்தான் இருக்கும். டானிக் வாட்டரில் அடித்தேன், உள்ளேயிருக்கும் குயினைன் (மலேரியா மருந்து) சரியாக ஒளிரவே இல்லை. நடுவட்டம் என்ற ஊரில் சிங்கோனா மரம் பயிரிட்டுக் குயினைன் எடுத்த மாவட்டத்துக்காரி நான், விடுவேனா? திருப்பி அனுப்பிவிட்டேன். முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி வைத்த இது 1,150 ரூபாய். அதே பாட்டில் வான நீலமாக ஒளிர்ந்தது.

ஆனால் நான் வாங்கியது வடிதாள் சோதனைக்காக. (நோட்டுத்தாள் வேண்டாம், வெளுப்பூட்டி சேர்த்திருப்பதால் அதுவே நீலமாக எரியும்.) சிட்டிகை சோடா உப்பு போட்ட ஃப்ளோரசீன் என்ற சாயத்தின் கரைசல் பச்சையாக ஒளிர்கிறது. அதில் துளி ரோடமின்-பி, 2024இல் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வரக் காரணமான அதே சாயம். நீர்த்த கரைசலாக டம்ளரில் இருக்கும்வரை பச்சைதான். அதையே வடிதாளில் சொட்டுச் சொட்டாக வைத்து உலர்த்தினால் பச்சை அடங்கி ஆரஞ்சு ஏறுகிறது. பக்கத்தில் வைத்த வெறும் ஃப்ளோரசீன் சொட்டு உலர்ந்தும் பச்சையாகவே இருந்தது. வெறும் ரோடமின் சொட்டு மங்கல்.

தண்ணீரில் எட்ட எட்ட நின்ற மூலக்கூறுகள் தாளின் நாரில் ஒட்டியதும் சில நானோமீட்டர் நெருக்கத்துக்கு வந்துவிடுகின்றன. ஃப்ளோரசீன் தன் ஆற்றலை ஒளியாக விடாமலே பக்கத்து ரோடமினிடம் கைமாற்றிவிடுகிறது. 1948இல் ஜெர்மன் விஞ்ஞானி ஃபார்ஸ்டர் கணக்குப் போட்டுச் சொன்னது இதைத்தான்: தூரம் இரட்டித்தால் கைமாறும் வேகம் 64இல் ஒரு பங்காகிவிடும். வெளிவந்த பச்சை ஒளியையே ரோடமின் விழுங்குவதும் கொஞ்சம் உண்டு, மெல்லிய கறையில் அது குறைவு. ஒரு பையன் தாராளமாகச் சாயத்தைக் கொட்டிவிட்டான். நடுவில் மங்கல், ஓரத்தில் மட்டும் பளிச்சென்று வளையம். அளவுக்கு மிஞ்சி நெருங்கினால் ஒன்றின் ஒளியை மற்றொன்று அணைத்துவிடும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறைகள்? ஐந்து நிமிடத்தில் கை பொறுக்காத சூடு. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் இரண்டே வாரத்தில் தளர்ந்துவிட்டது; எங்கள் ஊர் ஈரத்துக்கு இது ஆகாது, நான் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடியும் கூட வரவில்லை. பாலிகார்பனேட் கண்ணாடி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கையில் டார்ச்சைக் கொடுக்கும் முன்பே.