ஃபார்மலினா, எத்தனாலா: இரண்டு தரவுத் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

மண்டபம், பாம்பன் பக்கம் கடல் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்கும் கேள்வி இது: கரைவலையில் வந்த நண்டையும் மீன் குஞ்சையும் எதில் போட்டு வைப்பது? நான் பதில் சொல்வதில்லை. ஃபார்மலின், எத்தனால் (ஆல்கஹால்) என்ற இரண்டு ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளையும் (அபாயங்களையும் முன்னெச்சரிக்கைகளையும் சொல்லும் தாள்) கையில் கொடுத்து, பிரிவு பிரிவாக ஒப்பிடச் சொல்வேன்.

புட்டியை மட்டும் பார்த்தால் பிடிபடாது. இரண்டிலும் ‘அபாயம்’ என்ற அதே சொல்தான். தாளில் உள்ள 16 பிரிவுகளில் 2ஆவதைத் திறந்தால்தான் பாதை பிரிகிறது. எத்தனாலுக்குத் தீச்சுடர் படம், கண் எரிச்சல் எச்சரிக்கை. ஃபார்மலினுக்கு மண்டையோடு, தோலை அரித்துப் புண்ணாக்கும் என்ற எச்சரிக்கை, அதோடு புற்றுநோய். ஃபார்மலினில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையே உறுதி செய்திருக்கிறது.

8ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். 8 மணி நேர வேலையில் சுவாசிக்கும் காற்றில் இருக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் வைத்த வரம்பு எத்தனாலுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஃபார்மால்டிஹைடுக்கு 0.75 பிபிஎம். ஆயிரம் மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. படிக்கிற காலத்தில் ஒருநாள், கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிறது என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு, நண்டு ஜாடிகளுக்கு ஃபார்மலின் மாற்றினோம். முதலில் கண்ணில் நீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நெடி குறைந்துவிட்டது என்று தொடர்ந்தோம். நெடி குறையவில்லை, மூக்குதான் மரத்துப்போயிருந்தது. இருமல் இரண்டு நாள் விடவில்லை.

அதற்காக எத்தனாலை அப்பாவி என்று எண்ணிவிட வேண்டாம். 9ஆம் பிரிவைப் பாருங்கள்: 70 சதவீத எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பம், 17 டிகிரி அளவில் இருக்கும். மார்கழியிலும் நம் அறை அதைவிடச் சூடுதான். ஆக, இந்தக் கரையில் திறந்து வைத்த எத்தனால் ஜாடி எந்த நாளும் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. பன்சன் அடுப்பு எரியும் மேசையில் அதற்கு இடமில்லை, வீட்டு உபயோக ஃபிரிட்ஜுக்குள்ளும் இல்லை.

4ஆம் பிரிவில் இரண்டு தாளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கழுவு. ஃபார்மலினுக்குக் குறைந்தது 15 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்றாலும் 22 லிட்டருக்கு மேல், அதாவது ஒன்றரைக் குடம். தண்ணீருக்கு அலையும் நம் மாவட்டத்தில், புட்டியைத் திறப்பதற்கு முன் மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

தாளில் இல்லாத விஷயங்களும் உண்டு. ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகி, சிப்பி, சங்கு போன்றவற்றின் சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும்; மரபணு ஆய்வுக்கும் மாதிரியைக் கெடுக்கும். மாறாக, சொறிமீனை (ஜெல்லி மீன்) எத்தனாலில் போட்டால் சுருங்கிப் போகும். எத்தனாலுக்கு உரிமம் வாங்க அலைய வேண்டியிருப்பதால்தான் பல இடங்களில் ஃபார்மலினே கைக்கு வருகிறது. இந்தக் காரணம் எனக்கு ஒப்புதலில்லை.

என் தீர்ப்பு: நண்டு, சங்கு, மரபணுவுக்கான மீன் துண்டு எல்லாம் எத்தனாலில். மிதவை உயிரிகளும் சொறிமீனும் ஃபார்மலினில். ஜாடியில் இருப்பது 4 சதவீதம்தானே என்று நீர்த்த கரைசலின் தாளை மட்டும் படித்துவிட்டு இறங்காதீர்கள். கை தொடுவது 37 சதவீதப் புட்டியை, அதில் மெத்தனாலும் கலந்திருக்கும். அந்தப் புட்டியை விற்றவர் தந்த தாள்தான் வேண்டும். நீர்க்கச் செய்வது, ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைப்போக்கிப் பெட்டிக்குள். மிச்சத்தைக் கழுவு தொட்டியில் ஊற்றக் கூடாது, நம் சாக்கடை மணலில் இறங்கி மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகும்.

இரண்டு தாளையும் ஒரே கோப்பில் போட்டு, ஆய்வகக் கதவுக்கு வெளியே மாட்டுங்கள். உள்ளே புட்டி உடைந்து ஆவி நிறைந்துவிட்டால், அலமாரியில் இருக்கும் தாளை எடுக்க யாராலும் உள்ளே போக முடியாது.