லினக்ஸில் 4 டிபி பேக்கப் டிஸ்க்: டிஸ்க் அருமை, பெட்டிதான் படுத்திவிட்டது

அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்த படங்கள், பையனின் வீடியோக்கள், வேலைக் கோப்புகள் என்று 600 ஜிபி, டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் என் கணினியில் ஒரே டிஸ்க்கில் கிடந்தது. அது போனால் எல்லாம் போச்சு. அதனால் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றும், அதை உள்ளே வைத்து யுஎஸ்பி 3.0 வழியாகச் செருக ஒரு பெட்டியும் தனித்தனியாக வாங்கினேன். எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன்.

முதலில் ஃபார்மேட். விண்டோஸிலும் திறக்கலாமே, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையைப் போடு என்றார்கள். பேக்கப்புக்கு அது வேண்டாம். கோப்பு யாருடையது, யார் திறக்கலாம் என்ற விவரங்கள் அதில் நிற்காது, சிம்லிங்க்கும் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) கிடையாது. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 போட்டேன். அது வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கிவிடும், 4 டிபியில் அது 200 ஜிபி! பேக்கப் டிஸ்க்கில் அந்த ஒதுக்கீடு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளையில் அதைப் பூஜ்யமாக்கிவிடலாம்.

அப்புறம்தான் தலைவலி. ஆர்சிங்க் என்ற கட்டளையை வைத்து நகலெடுக்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் அப்படியே நின்றுவிடும், டிஸ்க் காணாமல் போய் வேறு பெயரில் திரும்ப வரும். கேபிளை மாற்றினேன், பின்பக்க போர்ட்டில் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிக்குத் தனி அடாப்டர் இருப்பதால் மின்சாரம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. விற்றவர்களிடம் கேட்டால் "விண்டோஸில் ஓடுகிறது இல்லையா, லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். கோபம் வந்தது, இப்போதும் வருகிறது, ஏனென்றால் அட்டையில் எங்கேயும் விண்டோஸுக்கு மட்டும் என்று போடவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் பதிவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வரிக்கு வரி யுஏஎஸ் பிழை, பிறகு யுஎஸ்பி ரீசெட். யுஏஎஸ் என்பது பல கட்டளைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் வேகமான முறை. பெட்டிக்குள் டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் சிப் ஒன்று இருக்கிறது, சில சிப்புகள் அந்த முறை தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாரம் ஏறியதும் திணறுகின்றன. தீர்வு சின்னதுதான். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் பெட்டியின் அடையாள எண்ணை எடுத்து, யுஎஸ்பி ஸ்டோரேஜ் என்ற கெர்னல் மாட்யூலின் குவர்க்ஸ் (சாதனத்துக்கான விதிவிலக்கு) அமைப்பில் எழுதி, கடைசியில் 'u' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, மறுபடி பூட் செய்ய வேண்டும். அந்தப் பெட்டிக்கு மட்டும் பழைய முறை வந்துவிடும். எஸ்எஸ்டி என்றால் வேகம் குறைவது தெரியும், சுழலும் டிஸ்க்கில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இப்போது தினமும் போர்க் என்ற பேக்கப் மென்பொருள் ஓடுகிறது, அதைத் திரையில் கிளிக் செய்து இயக்க வோர்ட்டா என்ற முகப்பு மென்பொருள். முதல் நாள் இரவு முழுக்க ஓடியது, அதற்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பதால் சில நிமிடம்தான். தரவை அதுவே குறியாக்கம் செய்து பூட்டி வைக்கிறது. சாவியைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளும் வசதிகூட உண்டு, அதை அச்சிட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். போன மாதம் ஆல்பம் ஃபோல்டரை வேறு இடத்தில் மீட்டுப் பார்த்தேன், ஒரு படம்கூடக் குறையவில்லை. இவ்வளவு நல்ல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது!

ஆக டிஸ்க்குக்கும் போர்க்குக்கும் முழு மதிப்பெண், பெட்டிக்கு ஐந்தில் இரண்டு. பெட்டி வாங்குகிறவர்கள் உள்ளே என்ன சிப் என்று கேட்டுவிட்டு, அந்தப் பெயரோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். வந்ததும் 200 ஜிபியை ஒரே மூச்சில் நகலெடுத்துப் பாருங்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்.