மக்களைத் தேடி மருத்துவம்: ஒரு கணக்குப்பிள்ளையின் மதிப்பீடு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சோழவந்தான் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கு இரண்டு இடங்களில் வைத்தியம் பார்த்தாகிவிட்டது. இரண்டையும் அதே கண்ணோடுதான் எடைபோடுகிறேன்.

முதலாவது, மதுரையில் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். டாக்டர் கட்டணம் 300 ரூபாய். போகும்போதெல்லாம் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, தனித்தனி ரசீது. டவுன் பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் துணைக்குப் போகும் எனக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். இத்தனைக்குப் பிறகும் சீட்டில் மேல் அளவு 160-க்குக் கீழே வந்ததே இல்லை. ஏன் இறங்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாம் போனால் அவர்களுக்கு வரவு. அழுத்தம் இறங்கினால் அந்த வரவு கூடப்போவதில்லை. பிறகு எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

இரண்டாவது, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அளந்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். முதல் நாள் நான் ஊரில் இருந்தேன். அம்மா அப்போதுதான் காபி குடித்திருந்ததால், அரை மணி கழித்து வருகிறேன் என்று அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து அம்மாவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. கையை ஒரு தலையணையின்மேல் நெஞ்சுக்கு நேராக வைத்து, ரவிக்கைத் துணி இடையில் வராமல் பட்டையைச் சுற்றினார். அம்மா அதற்குள் வெற்றிலை விலையில் ஆரம்பித்துவிட்டார்.

"ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள் பெரியம்மா. பேசினால் அளவு ஏறும்."

"பேசாமல் இருந்தால்தான் எனக்கு ஏறும் தாயி."

முதல் அளவு 164/94. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் பார்த்ததில் 158/92. இரண்டையும் அட்டையில் எழுதினார். கிளினிக்கில், மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குமுன் சேலைத் தலைப்பின் மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள்.

அடுத்த முறை வந்தபோது அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணினார். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை பாதிக்குமேல் மீதி. விசாரித்தால், மாத்திரை போட்டால் கணுக்கால் வீங்குகிறது என்று அம்மா பாதி நாள் போடுவதில்லை. கிளினிக் காலத்திலிருந்தே இப்படித்தானாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்பினார்கள். அம்மா போட்டுவந்த அம்லோடிபின் மாத்திரைக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான் என்று சொல்லி, 5 மில்லிகிராமைப் பாதியாக்கி, டெல்மிசார்டன் என்ற இன்னொரு ரத்த அழுத்த மாத்திரையை 40 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார் மருத்துவர். வீக்கம் வடிந்தது. இப்போது 134/82.

கிளினிக்கில் கொடுத்ததும் இதே அம்லோடிபின்தான். கம்பெனிப் பெயர்தான் வேறு. மருந்தில் குறை இல்லை. யாரும் எண்ணிப் பார்க்காததுதான் குறை. பரிசோதனைகளுக்குக் கொட்டிய பணம் கண்டுபிடிக்காததை, மாத்திரையை எண்ணிய இரண்டு நிமிஷம் கண்டுபிடித்தது.

சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு இலவச மாத்திரை என்றாலே இளக்காரம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஏற்படுத்தப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான மருந்தை டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது. மொத்தக் கொள்முதலில் விலை எவ்வளவு இறங்கும் என்பதை ஜவுளிக்கடைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். விலை குறைவென்றால் தரமும் குறைவு என்பதைத்தான் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனை எப்போதோ பொய்யாக்கிவிட்டதே. தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும்.

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பரிசோதனை செய்தோம் என்பதைத் தள்ளிவிட்டு, எத்தனை பேருக்கு இறங்கியது, அதற்கு எவ்வளவு செலவானது என்று வைத்தியத்தை மதிப்பிடும் பேச்சு இப்போது உலகெங்கும் இருக்கிறது. ஏழை நாடுகளுக்கு இது இன்னும் அவசியம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஐந்தில் நால்வருக்குப் போதிய சிகிச்சை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. இந்தியாவில் 2017-இல் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே வந்தார்கள் என்று காலாண்டுதோறும் கணக்கெடுக்கச் சொல்கிறது. வராமல் நின்றுபோனவர்களைத் தனியாகக் காட்ட வேண்டும். கடையில் வராக்கடனைத் தனிப் பக்கத்தில் எழுதுவோமே, அப்படி. அந்தக் காலாண்டுக் கணக்கை ஒவ்வொரு சுகாதார நிலையச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. கிளினிக்குகளும் ஒட்டட்டும், பார்க்கலாம்.

தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையைக் கூட்டலாம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்லி அந்தப் பெண் அம்மாவிடம் மன்றாடுகிறார். கருவாட்டை விட்டாயிற்று. மோர்மிளகாய் மட்டும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.