மடக்குக் கத்திக்கு எந்தச் சாணை? கல், வைரத் தகடு, பீங்கான் குச்சி: ஓர் ஒப்பீடு

மடக்குக் கத்தி மழுங்கினால் எதில் தீட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் தண்ணீர்க்கல் என்பார், ஒருவர் வைரத் தகடு என்பார், இன்னொருவர் நாலு இழுப்பில் வேலை முடியும் என்று ஒரு சின்னக் கருவியைக் காட்டுவார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் பையில் கிடக்கும் கத்திக்கு இருபக்க வைரத் தகடு ஒன்றும் தோல்வார் ஒன்றும் போதும். கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் கைக்குப் பிடிபடாதவர்கள் பீங்கான் குச்சிக்குப் போகலாம்.

கருவிக்கு முன் எஃகைப் பார்க்க வேண்டும். பல ஒப்பீடுகள் இதை விட்டுவிடுகின்றன. விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியின் எஃகு கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 56 வாக்கில் நிற்கும். எந்தக் கல்லிலும் சொன்னபடி கேட்கும். ஒப்பினெல் கத்திகளில் வரும் கார்பன் எஃகும், 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகும் அப்படித்தான். எஸ்30வி போன்ற எஃகு வேறு ரகம். அதில் ஏறத்தாழ 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்கள், சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. கல் சுற்றியுள்ள எஃகைத்தான் தேய்க்கும், துகளைத் தொடத் திணறும். 'எவ்வளவு தேய்த்தாலும் கூர் ஏறவில்லை' என்ற புலம்பலில் பாதி இங்கேயிருந்து வருகிறது. வைரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மீதிப் பாதிப் புலம்பலுக்குக் காரணம் பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, விளிம்பைத் தாண்டி உலோகம் மெல்லிய இழையாக மறுபக்கம் மடிந்து நிற்கும். கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகும்படி கட்டை விரலை மெல்ல வழித்தால் நகத்தில் மாட்டுவதுபோல் ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அடிப்பகுதியிலிருந்து நுனிவரை அது விடாமல் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன்பே பக்கம் மாற்றினாலும், அடுத்த நயமான கல்லுக்குத் தாவினாலும் வீண் வேலை. அப்புறம் மறுபக்கத்தையும் அதேபோல் தேய்த்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பிசிறை முழுக்க எடுக்க வேண்டும். எந்தக் கருவியையும் நான் எடைபோடுவது இந்த இரண்டை வைத்துத்தான்: பிசிறை ஒழுங்காக எழுப்புகிறதா, சுத்தமாக எடுக்க விடுகிறதா?

இழுத்துத் தீட்டும் கருவி

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது இதுதான். 'வி' வடிவத்தில் இரண்டு டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள். நடுவில் கத்தியை வைத்து இழுக்க வேண்டும். அது தீட்டவில்லை, உலோகத்தைச் சுரண்டி எடுக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பு கிழிந்த மாதிரி இருக்கும். அந்தக் கிழிசல்தான் முதல் நாள் கூர்மையாகத் தோன்றுகிறது. அட்டைப் பெட்டி நாலைந்து வெட்டியதும் படுத்துவிடும். கோணத்தையும் கருவியே தீர்மானிக்கிறது. கைப்பிடியை ஒட்டிய பகுதிக்கு அது எட்டாது. நாளடைவில் அந்த இடம் மேடாக நின்று மற்ற இடம் குழியும். விலை குறைந்த, தேய்ந்தால் கவலையில்லாத கத்திக்கு மட்டும் பரவாயில்லை.

மோட்டார் பெல்ட்

மோட்டாரில் ஓடும் உப்புத்தாள் பட்டை இது. வேகத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை. ஆனால் கார்பன் எஃகு பலவற்றுக்குப் பதம் போட்ட வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான். விளிம்பு காகிதத்தைவிட மெல்லியது. கைக்குச் சூடே தெரியாமல் அந்த மெல்லிய ஓரம் மட்டும் அந்த அளவைத் தாண்டிப் பதம் இழந்துவிட முடியும். நுனியும் எளிதில் உருண்டுவிடும். ஒரே ஒரு மடக்குக் கத்திக்கு இது தேவையே இல்லை.

தண்ணீர்க்கல்லும் எண்ணெய்க்கல்லும்

தண்ணீர்க்கல்லின் சுகமே தனி. மென்மையான கல், தேயத் தேயப் புதுத் துகள் வெளிவந்துகொண்டே இருக்கும், அதனால் வேகமாக வெட்டும். கல்லின் நயத்தைக் கிரிட் எண்ணால் சொல்வார்கள், எண் ஏற ஏற நயம். 1000 கிரிட் கல்லின் துகள் சுமார் 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மடக்குக் கத்திக்கு அதற்கு மேல் அவசியமில்லை. 6000, 8000 என்று போய்க் கண்ணாடிபோல் மின்னவைக்கலாம், சவரம்கூடச் செய்யும். ஆனால் கயிறும் அட்டையும் அறுக்கிற கத்தியின் விளிம்பில் கொஞ்சம் பல், அதாவது நுண்ணிய சொரசொரப்பு, வேண்டும். அளவுக்கு மீறி மெருகேற்றிய விளிம்பு கயிற்றின் மேல் வழுக்கும்.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல கற்களை ஊறவைக்க வேண்டும், நடுவில் குழி விழும், அடிக்கடி சமப்படுத்த வேண்டும். நீளமான சமையல் கத்திக்கு அந்த உழைப்பு தகும். விரல் நீள அலகுக்கு, அதுவும் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் தீட்டுவதற்கு, இத்தனை ஏற்பாடு இருந்தால் சோம்பல் வந்துவிடும். தீட்டாமலே விட்டுவிடுவோம்.

எண்ணெய்க்கல் இதற்கு நேர் எதிர். கெட்டியானது, எளிதில் குழியாது, மெதுவாக வெட்டும். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வெட்டியெடுக்கும் இயற்கைக் கல் சாதாரண கார்பன் எஃகுக்கு அருமையான கூர் கொடுக்கும். வனேடியம் மிகுந்த எஃகைக் கொண்டுபோனால் பொழுது போகும், வேலை நடக்காது.

வைரத் தகடு

உலோகத் தகட்டின் மேல் நிக்கல் பூச்சில் வைரத் துகள்களைப் பதித்திருப்பார்கள். ஊறவைக்க வேண்டாம், குழி விழாது, எந்த எஃகையும் வெட்டும், பையிலும் அடங்கும். டிஎம்டி நிறுவனத்தின் தகடுகளில் நீல நிறம் 45 மைக்ரான், சிவப்பு 25, பச்சை 9. மழுங்கிய கத்திக்கு நீலத்தில் ஆரம்பித்துச் சிவப்பில் முடித்தாலே அன்றாட வேலைக்குப் போதும். பச்சை விருப்பம்.

புதுத் தகடு முதலில் மூர்க்கமாகக் கீறும். அதைப் பார்த்துப் பயந்து ஒதுக்க வேண்டாம். துருத்தி நிற்கும் துகள்கள் போனதும் சீராகிவிடும். செய்யக் கூடாத ஒன்று, அழுத்துவது. வைரம் ஒரே ஒரு அடுக்குதான். அழுத்தித் தேய்த்தால் பெயர்ந்து போகும், திரும்ப வராது. கத்தியின் எடையோடு விரலின் லேசான கனம் இருந்தால் போதும்.

கோணத்துக்கு ஒரு எளிய வழி: விளிம்பின் சரிவு முழுவதும் மார்க்கர் மையைப் பூசிவிட்டு இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். மை முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும். முழுதும் அழிந்தால் சரி. பக்கத்துக்கு 17 முதல் 20 டிகிரி என்பது மடக்குக் கத்திக்கு நல்ல அளவு.

ஒரு எச்சரிக்கை. பூட்டு இல்லாத, வில் விசையில் மட்டும் நிற்கும் கத்திகள், நுனிப் பக்கத்தைத் தீட்டும்போது எக்குத்தப்பாக அழுத்தினால் விரல் மேல் மடங்கும். அலகு மடங்கும் பாதையில் விரல் இருக்கவே கூடாது.

பீங்கான் குச்சியும் கவ்விப் பிடிக்கும் கருவியும்

ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர் போன்றவற்றில் குச்சிகள் சாய்ந்து நிற்கும். கத்தியை நேராகப் பிடித்துக் கீழே இழுத்தால் கோணம் தானாக அமையும். பக்கத்துக்கு 15, 20 என்று இரண்டு நிலைகள். மழுங்க ஆரம்பித்த கத்தியை ஓரிரு நிமிடத்தில் மீட்க இதைவிட வசதியானது கிடையாது. பல் வைத்த அலகுக்கும் குச்சியின் மூலை பொருந்தும். தட்டைத் தகடு அங்கே உதவாது. ஆனால் விளிம்பு தடித்துப்போன கத்தியின் சரிவை மாற்றியமைக்க இதோடு உட்கார்ந்தால் கை ஓய்ந்துவிடும். அந்த வேலைக்கு வைரம்தான்.

லான்ஸ்கி போன்றவை கத்தியைக் கவ்விப் பிடித்து 17, 20, 25, 30 டிகிரியில் கல்லை நகர்த்தும். ஒழுங்கு நன்றாக வரும், முக்கியமாகச் சரிவைப் புதிதாக அமைக்க. ஒவ்வொரு முறையும் பூட்டிக் கழற்றுவதுதான் அலுப்பு.

தோல்வார்

இதைக் கல்லுக்குப் போட்டியாகப் பேசுவது சரியில்லை. கல் விட்டுவைத்த கடைசிப் பிசிறை எடுப்பது வாரின் வேலை. அரை மைக்ரான் குரோமியம் ஆக்சைடு, அதாவது அந்தப் பச்சை மெழுகுக் கட்டி, பூசிய தோலில் முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். இழுப்பின் முடிவில் கோணத்தைத் தூக்கினால் கூர் உருண்டுவிடும். வாரம் ஒரு முறை இதில் நாலு இழுப்பு இழுத்தால், தகட்டை எடுக்கும் அவசியம் வெகுவாகக் குறையும். வனேடியம் எஃகுக்குப் பச்சைக் கட்டிக்குப் பதில் வைரப் பசை நல்லது.

முடிந்ததா என்று பார்க்க, விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. எங்கேயாவது வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கியிருக்கிறது.

தீட்டி முடித்ததும் அலகிலும் மடிப்பிலும் தங்கிய உலோகப் பொடியைத் துடைத்தெடுக்க வேண்டும். முழுக்க உலோகமும் பிளாஸ்டிக்கும் ஆன கத்தியை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தலாம். ஒப்பினெல் போன்ற மரப்பிடியை ஊறவிடக் கூடாது. மரம் உப்பி அலகு சிக்கிக்கொள்ளும். அப்புறம் கீல் அச்சில் ஒரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டாம், அது காற்றில் பிசினாக இறுகிவிடும். பூட்டுள்ள கத்தியானால் பூட்டு வந்து முட்டும் முகத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வழுக்கினால் பூட்டு பிடிக்காது.