352 பின்னில் மாற்றியது ஒன்றே ஒன்று: பழைய பியானோவை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போச்சு. இன்னைக்குக் காலைலதான், விரலால கட்டையை அழுத்தினா கம்பியை அடிக்கிற உள் அமைப்பான ஆக்‌ஷனை வெளியே இழுத்துப் பார்த்தது, கை இன்னும் நடுங்குது. கடை பேர் வேண்டாம். ஆன்லைன்ல விளம்பரம் போட்டு, வேன் அனுப்பி வீட்டுலயே வந்து எடுத்துட்டுப் போற ரகம். என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

பொருள், தக்கலையில ஒரு வீட்டுப் பழைய பிளேயர் கிராண்ட் பியானோ. தானா வாசிக்கிற காத்துப் பகுதியும் உண்டு. கடையிலிருந்து வந்தவர் ஒரு ஹேமரை, அதாவது கம்பியை அடிக்கிற சுத்தியலைக் கழற்றி ஆட்டிக் காட்டினார், அசையல. அது ஆடுற அச்சு ஊசியான, பச்சை பிடிச்ச சென்டர் பின்னைத் தட்டி எடுத்து, துளையை ரீமர்ங்கிற துளை சீவியால் சுத்தம் பண்ணி, அரை சைஸ் பெரிய பின்னை நுழைச்சு ரெண்டு முனையையும் ஒட்ட வெட்டினார். திரும்ப ஆட்டினா ஆறு ஆட்டம் ஆடி நின்னுச்சு. அளவு அதுதான், குத்தமே சொல்ல முடியாது. "எல்லாமே இப்படித்தான் வரும் அண்ணாச்சி"ன்னார். அங்கேயே முழுப் பணமும் கை மாறிச்சு.

ஒரு கட்டைக்கு ஹேமர்ல ஒரு பின், கீழே ஹேமரைத் தூக்கி விடுற விப்பன்ல மூணு. 88 கட்டைக்கு 352. திரும்பி வந்ததுல பளபளன்னு இருக்கறது அந்த ஒரே ஒரு ஹேமர் பின்தான். மத்த 351-க்கும் எண்ணெய் ஸ்பிரே. எண்ணெய் அடிச்சா ரெண்டு வாரம் வழுக்கும். அப்புறம் பின்னைச் சுத்தியிருக்கிற கம்பளித் துணி அதைக் குடிச்சு உப்பி, தூசியும் சேர்ந்து இறுகிடும். ஜூன் மழை ஆரம்பிச்சதும் அடிச்ச ஹேமர் கீழே இறங்கல. இனி பின் மட்டும் மாத்தினா போதாது, அத்தனை துணியையும் உரிச்சுப் புதுசா ஒட்டணும்.

காத்துப் பகுதி அதைவிட மோசம். சின்ன துருத்தி 88-க்கும் மெல்லிய ரப்பர் துணி போடணும், போட்டது குடைத்துணி மாதிரி ஒண்ணு. ஒட்டினது மர வேலை வெள்ளைப் பசை. விலங்குத் தோல்ல காய்ச்சுற வச்சிரப் பசைன்னா சூடும் ஈரமும் காட்டினா விட்டுடும். இது மரத்தைப் பிச்சுக்கிட்டுத்தான் வரும்.

போன் பண்ணினா முதல்ல "மழை முடியட்டும்". அடுத்து "உங்க ஊரு உப்புக்காத்துக்கு நான் என்ன செய்ய?" அப்புறம் "டெக்னீஷியன் லீவு". இப்போ நீல டிக் மட்டும். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ரசீது கூட இல்ல.

சரி, பார்க்க வேண்டியது. கழற்றும்போதே 1 முதல் 88 வரை நம்பர் எழுதச் சொல்லுங்க. பழைய பின், துணி எல்லாம் ஒரு பையில திரும்ப வரணும். துருத்தியை அமுக்கி மூடி, துளையை விரலால அடைச்சு விடுங்க, திறந்துக்கிட்டா லீக். கட்டையை மெதுவா அழுத்தினா ஹேமர் கம்பிக்கு ரெண்டு மில்லி முன்னாடி விலகி இறங்கணும். எண்ணெய் வாசம் வந்தா பணம் கொடுக்காதீங்க. மீதி அப்புறம், இப்போ எழுத ஓடல.