பழைய யூனிக்ஸுக்கு நெட்வொர்க் பிரிண்டர்: எல்பிடியா, 9100-ஆ, கப்ஸா?

முதல் சோதனைப் பக்கம் வெளியே வந்ததுமே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் வரி சரியாக இருக்கும், இரண்டாவது வரி முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கும், மூன்றாவது இன்னும் வலப்பக்கம் போகும். இப்படியே படிக்கட்டு இறங்கி எழுத்துகள் தாளின் விளிம்பைத் தாண்டிக் காணாமல் போகும். யூனிக்ஸ் வரி முடிவில் லைன் ஃபீடு (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும்தான் வைக்கும். பிரிண்டருக்கோ கேரியேஜ் ரிட்டர்னும் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு) வேண்டும். சோலாரிஸ் 8, எஸ்சிஓ ஓப்பன்சர்வர் 5, எச்பி-யுஎக்ஸ் 10.20 போன்ற பழைய அமைப்புகளில் எந்த வழியில் பிரிண்டரை இணைத்தாலும் இந்தப் படிக்கட்டை யார் சரிசெய்வது என்ற கேள்வி வந்தே தீரும். அதனால் எல்பிடி, போர்ட் 9100, கப்ஸ் என்ற மூன்று வழிகளை ஒப்பிடும்போது நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. யூனிக்ஸ் அனுப்புவதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது யார், வேலை தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது, இவ்வளவுதான் பார்ப்பேன்.

பெட்டியோடு வருவது எல்பிடி, அச்சு வேலைகளை அனுப்பும் நெறிமுறை. யூனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டியில் பிறந்தது, 1990-ல் ஆர்எஃப்சி 1179 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக எழுதிவைக்கப்பட்டது, டிசிபி போர்ட் (நெட்வொர்க்கில் ஒரு சேவையின் கதவு எண்) 515-ல் இயங்குவது. பிஎஸ்டி வகை என்றால் பிரிண்டர்களைப் பட்டியலிடும் ப்ரிண்ட்கேப் கோப்பில் ஒரு பதிவு போதும்: ஆர்எம் என்ற இடத்தில் பிரிண்டரின் பெயர், ஆர்பி என்ற இடத்தில் க்யூவின் (வேலைகள் காத்திருக்கும் வரிசை) பெயர். பிரிண்டரில் இருப்பது எச்பியின் ஜெட்டைரக்ட் நெட்வொர்க் கார்டு என்றால் க்யூ பெயரிலேயே சூட்சுமம் இருக்கிறது. 'டெக்ஸ்ட்' என்று கொடுத்தால் கார்டே கேரியேஜ் ரிட்டர்னைச் சேர்த்துவிடும், படிக்கட்டு போய்விடும். 'ரா' என்று கொடுத்தால் வந்ததை அப்படியே உள்ளே தள்ளும். படங்கள் கலந்த பிசிஎல் (எச்பியின் பிரிண்டர் மொழி) கோப்பை டெக்ஸ்ட் க்யூவுக்கு அனுப்பினால் நடுவில் நுழையும் பைட்டுகள் படத்தைக் குலைத்துவிடும். ஆகவே ஒரே பிரிண்டருக்கு இரண்டு க்யூ வைத்துக்கொள்வதே நல்லது.

எல்பிடியில் இரண்டு பழைய வலிகள் உண்டு. ப்ரிண்ட்கேப்பில் எம்எக்ஸ் மதிப்பை 0 என்று போடாவிட்டால் கோப்பின் அளவுக்கு 1000 பிளாக் என்ற வரம்பு இருக்கும். பெரிய அறிக்கை பாதியில் வெட்டுப்பட்டு வரும்போது பிரிண்டரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். இரண்டாவது இன்னும் விசித்திரம். அனுப்பும் பக்கம் 721 முதல் 731 வரையிலான போர்ட்டிலிருந்துதான் பேச வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி. மொத்தமே 11 போர்ட். மூடிய இணைப்பு கொஞ்ச நேரம் போர்ட்டை விடாமல் டைம்-வெயிட் நிலையில் கிடக்கும் என்பதால், விதியை அச்சுப்பிசகாமல் பின்பற்றும் அமைப்பில் சின்னச் சின்ன ரசீதுகளை அடுத்தடுத்து அனுப்பினால் 12-வது ரசீது காத்துக்கிடக்கும்.

அடுத்தது போர்ட் 9100. இதில் நெறிமுறை என்று சொல்லும்படி எதுவுமே இல்லை: இணைப்பைத் திற, பைட்டுகளைக் கொட்டு, மூடு. யூனிக்ஸின் இன்னொரு கிளையான சிஸ்டம் வி வகையில் எனக்குப் பிடித்தது இதுதான். பிரிண்டரைப் பதிவுசெய்யும் எல்பிஅட்மின் கட்டளையில் சாதனமாக டெவ்-நல்லை (எதையும் விழுங்கிவிடும் வெற்றுச் சாதனம்) கொடுத்து, கூடவே வேலையைப் பிரிண்டருக்கு அனுப்பும் ஓர் இன்டர்ஃபேஸ் ஸ்கிரிப்டையும் கொடுத்தால் முடிந்தது. சோலாரிஸில் அதையும் எழுத வேண்டாம். நெட்ஸ்டாண்டர்ட் என்ற தயார் ஸ்கிரிப்ட் இருக்கிறது, முகவரியையும் போர்ட்டையும் சொன்னால் போதும். மற்றவற்றில் நாமே எழுத வேண்டும். ஸ்கிரிப்டுக்கு வரும் முதல் ஐந்து மதிப்புகள் வேலை எண், பயனர், தலைப்பு, பிரதிகள், விருப்பங்கள். ஆறாவதிலிருந்து கோப்புகள். கோப்புக்கு முன்னால் எஸ்கேப், ஆம்பர்சாண்ட், சிறிய கே, 2, பெரிய ஜி ஆகிய ஐந்து பைட்டுகளை அனுப்பினால் பிசிஎல் பிரிண்டர் ஒவ்வொரு லைன் ஃபீடையும் கேரியேஜ் ரிட்டர்னும் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். படிக்கட்டு நம் கையாலேயே சரியாகிறது.

இதில் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்கிரிப்டின் கடைசி வரியாக எக்ஸிட் 0, அதாவது வெற்றி, என்று எழுதிவிட்டேன். பிரிண்டர் அணைந்து கிடந்த ஒரு காலையில், ஸ்கிரிப்டில் பைட்டுகளை அனுப்பும் கருவியான நெட்கேட் இணைக்க முடியாமல் திரும்பியது, ஸ்கிரிப்டோ எல்லாம் சுபம் என்று அச்சு வேலைகளை நிர்வகிக்கும் எல்பிஷெட்டிடம் சொல்லிவிட்டது. க்யூ காலி, தாளும் இல்லை, வந்த வேலை அத்தனையும் போன இடம் தெரியவில்லை. நெட்கேட் திருப்பும் மதிப்பைப் பார்த்து, தோற்றால் சற்றுத் தூங்கி மீண்டும் முயலும் ஒரு சுற்றைச் சேர்த்த பிறகுதான் நிம்மதி. பழைய நெட்கேட் கோப்பு முடிந்ததும் தானாக இணைப்பை மூடாமல் தொங்கும் என்பதையும் அன்றுதான் கற்றேன். டபிள்யூ விருப்பத்தில் காலக்கெடு கொடுக்க வேண்டும்.

பழைய யூனிக்ஸிலேயே கப்ஸை ஏற்றலாமே என்பார்கள். 1999-ல் வந்த கப்ஸ் அருமையான அச்சு மென்பொருள்தான், ஆனால் அதை அங்கே கம்பைல் செய்ய முதலில் கம்பைலர் (மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் கருவி) வேண்டுமே! சோலாரிஸில் கம்பைலரை அழைக்க சிசி என்று தட்டினால் 'லாங்குவேஜ் ஆப்ஷனல் சாஃப்ட்வேர் பேக்கேஜ் நாட் இன்ஸ்டால்டு' என்று வரும் அந்தப் பதிலைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கிழட்டு இயந்திரத்தில் இத்தனை நூலகங்களைத் திணிக்க நான் உடன்படமாட்டேன்.

கப்ஸுக்கு நல்ல இடம் பக்கத்தில் வைக்கும் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டி. அதில் எல்பிடி வேலைகளை வாங்கிக் கப்ஸிடம் தரும் கப்ஸ்-எல்பிடியை இயக்கினால் யூனிக்ஸ் வழக்கம்போல 515-க்கு அனுப்பும், பெட்டி அதை வாங்கி, எழுத்துக் கோப்பைப் பக்கமாக அமைத்து, பிரிண்டருக்கு ஐபிபி என்ற அச்சு நெறிமுறை வழியாகப் போர்ட் 631-ல் தரும். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழிகள் இரண்டுமே தெரியாத இன்றைய மலிவு பிரிண்டர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. விலை என்னவென்றால் க்யூ இரண்டாகிவிடுகிறது. யூனிக்ஸில் க்யூவைப் பார்க்கும் எல்பிஸ்டாட் கட்டளை காலி என்று காட்டும், வேலையோ லினக்ஸ் பெட்டியில் சிக்கி நிற்கும். கப்ஸ்-எல்பிடி தானாக யாரையும் தடுக்காது என்பதால், ஃபயர்வாலில் 515-ஐ அந்த ஒரு யூனிக்ஸ் முகவரிக்கு மட்டும் திறந்துவைக்கவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்துவிடலாம். யூனிக்ஸிலிருந்து பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு டெல்நெட் போட்டு, இரண்டு வரி தட்டி, கண்ட்ரோல்-எல் (தாளை வெளியே தள்ளு) அழுத்தி ஒரு என்டரும் தட்டிவிட்டு இணைப்பை மூடுங்கள். எழுத்தோடு தாள் வந்தால் சிஸ்டம் வி-யில் 9100 ஸ்கிரிப்ட், பிஎஸ்டியில் எல்பிடி. விளக்கு மட்டும் மினுங்கி ஒன்றும் வராவிட்டால் லினக்ஸ் பெட்டிக்கு இடம் பாருங்கள்.